ஹங்கேரிக்காரங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு பாக்கணுமா? செந்தெந்த்ரே ஸ்கான்சென் ரிவ்யூ

புடாபெஸ்ட் போற நம்மாளுங்க எல்லாருக்கும் ஒரே லிஸ்ட்தான். பார்லிமென்ட் முன்னாடி போட்டோ, டான்யூப்ல நைட் க்ரூஸ், சேச்செனி வெந்நீர் குளியல், ராத்திரி ஒரு ரூயின் பார் (பாழடைஞ்ச பழைய பில்டிங்ல நடத்தற பார்), அதோட ஹங்கேரி முடிஞ்சுது. தப்பு சொல்லல, எல்லாமே நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்த ஊர்ல நாம வாய பொளந்து பாக்குற பெரிய பெரிய பில்டிங் எல்லாம் 1867-க்கு அப்புறம், ஆஸ்திரியாவோட சேர்ந்து இரட்டை முடியாட்சியா இருந்த காலத்துல, வியன்னாவுக்கு நாங்க சளைச்சவங்க இல்லன்னு காட்டறதுக்காக எழுப்புனது. சிட்டில ஒரு ஃப்ரீ வாக்கிங் டூரும் போனேன், கைடு ராஜா பேரா அடுக்கிக்கிட்டே போனாரு, டிப்ஸ் கட்டத்துலதான் முகமே மலர்ந்துச்சு. அந்த ராஜாக்களுக்கு கோதுமை வெளைச்சவன், மாடு மேய்ச்சவன் எல்லாம் எங்க படுத்தான் என்ன தின்னான்னு ஒருத்தரும் சொல்லல. அத பாக்கணும்னா புடாபெஸ்ட் பக்கத்துல செந்தெந்த்ரேங்கற டவுன்ல இருக்கற ஸ்கான்சென்தான் சரியான இடம், பழைய கிராம வீடுகள வச்சிருக்கற திறந்தவெளி மியூசியம் அது.

பேர் ஸ்டாக்ஹோம்ல 1891-ல திறந்த மியூசியத்துலேர்ந்து கடன் வாங்குனது, ஐடியாவும் அங்கேர்ந்துதான். ஹங்கேரில 1967-ல ஆரம்பிச்சு, 1974-ல முதல் பகுதிய மக்களுக்கு திறந்து விட்டாங்க. ஏன் அந்த டைம்னா, கம்யூனிஸ்ட் அரசு 1961-க்குள்ள நிலத்தை எல்லாம் கூட்டுப் பண்ணையில சேத்து முடிச்சிருச்சு, பசங்க ஃபேக்டரி வேலைக்கு டவுனுக்கு கெளம்பிட்டாங்க, ஊர்ல மிச்சம் இருந்தவங்க பழைய மண் வீட்ட இடிச்சுட்டு சதுரமா ஒரே மாதிரி புது வீடு கட்ட ஆரம்பிச்சாங்க. அந்த வேகத்துல போயிருந்தா ஒண்ணும் மிஞ்சியிருக்காது. அதான் நாடு முழுக்க வீடு, சர்ச், காத்தாலைன்னு பாகம் பாகமா பிரிச்சு எடுத்துட்டு வந்து இங்க திரும்ப நிறுத்திட்டாங்க. பகுதி வாரியா தனித்தனி கிராமம், ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு நடந்தே போகலாம், வயசானவங்க கூட வந்தா உள்ளயே ஒரு பழைய காலத்து ரயில் ஓடுது, அதுல ஏறிக்கலாம்.

எனக்கு ரொம்ப புடிச்சது மேல்-திஸா (திஸா ஆத்தோட மேல்பக்கத்து ஊருங்க) பகுதி, முதல்ல திறந்ததும் அதான். நெமெஷ்போர்ஸொவாங்கற ஊர்லேர்ந்து கொண்டு வந்த ஒரு மர மணிக்கூண்டு இருக்கு, கடிகாரம் இல்ல, சர்ச் மணி தொங்கற கூண்டு, 17-ஆம் நூற்றாண்டுது, பாவாடை மாதிரி கீழ விரிஞ்சு மேல ஊசியா போகும். பக்கத்துலயே மாண்ட் ஊர் சர்ச். கால்வின் வழி புராட்டஸ்டன்ட் சர்ச், அதனால உள்ள சிலை கிடையாது, சாமி படம் கிடையாது. ஹங்கேரின்னா மொத்தமும் கத்தோலிக்கம்னு நெனச்சு போறவங்களுக்கு இது ஆச்சரியமா இருக்கும். கிழக்குப் பக்கம் டெப்ரெட்ஸென் ஊர 'கால்வினிஸ்ட் ரோம்'னே கூப்பிடுவாங்க, ஹங்கேரிய ஆண்ட ஆஸ்திரியாவோட ஹாப்ஸ்பர்க் அரசர்கள் கத்தோலிக்கர்னா இவங்க பிடிவாதமா இந்தப் பக்கம், அந்த முறைப்பு பல தலைமுறை ஓடிச்சு.

வீடுகள பத்தி சொல்லணும். நீளமா ஒரே வரிசையில ரூம், குறுகலான பக்கம்தான் தெருவப் பாத்து இருக்கும், பக்கவாட்டுல தூண் வச்ச தாழ்வாரம் முழு நீளத்துக்கும் ஓடும். நடுவுல சமையக்கட்டு, அங்கேர்ந்து விறகு போட்டா சுவருக்கு அந்தப் பக்கம் ரூம்ல இருக்கற பெரிய மண் அடுப்பு சூடாகும், ரூம்ல ஒரு துளி புகை வராது, குளிர் காலத்துல பசங்க அந்த அடுப்ப ஒட்டியே தூங்குவாங்க. ஆனா மேற்குப் பக்கத்து பழைய வீடுகள்ல புகைக்கூண்டே கிடையாது, சமையக்கட்டு சுவரெல்லாம் கரி ஏறி தார் பூசுன மாதிரி பளபளன்னு இருக்கும், அங்க நின்னு சமைச்ச பொம்பளைங்க கண்ணும் நெஞ்சும் என்ன ஆயிருக்கும்னு யோசிச்சா எந்த நாட்டு வீடும் அழகு இல்ல.

தெருப்பக்க ரூம்தான் அவங்க கௌரவம். அதுல கட்டில் மேல பூ வேலை செஞ்ச தலகாணிய அடுக்கி அடுக்கி உத்தரம் தொடற மாதிரி வச்சிருப்பாங்க, எல்லாம் பொண்ணோட சீர். அதுல யாரும் படுக்க மாட்டாங்க! விருந்தாளி வந்தா, புள்ள பொறந்தா, செத்தவங்கள கெடத்தனும்னா மட்டும்தான் அந்த ரூம். மத்தபடி மொத்தக் குடும்பமும் பின்னாடி ஒரே ரூம்ல நெருக்கிக்கிட்டு கெடக்கும்.

பெருஞ்சமவெளி பகுதில துஷ்னோக்லேர்ந்து வந்த காத்தாலை இருக்கு. அந்த சமவெளி ஏன் அப்படி வெறிச்சோடிப் போச்சுங்கறது தனி கதை. 1541-ல துருக்கியர் புடாவ (இன்னிக்கு புடாபெஸ்ட்டோட ஒரு பகுதி) புடிச்சாங்க, 1686 வரைக்கும் விடல, நடுவுல நடந்த சண்டைல ஊர் ஊரா காலியாச்சு. அந்த வெத்து நிலத்துல மாடுதான் வாழ்ந்துச்சு, நீள கொம்பு வச்ச சாம்பல் நிற மாடு, அத மந்தை மந்தையா வியன்னாவுக்கும் ஜெர்மன் ஊர்களுக்கும் நடக்க வச்சே ஓட்டிட்டுப் போய் வித்திருக்காங்க. அந்த மாட்டுக்காரங்க வெட்ட வெளில கொப்பரைல வச்சதுதான் குயாஷ், நாம கூலாஷ்ங்கறோமே அது. அது ஒரு தண்ணியான சூப், கெட்டி குழம்பு வேணும்னா பொர்கொல்ட்னு கேளுங்க. மிளகா பொடி கூட துருக்கியர் காலத்துல வந்தது, இன்னிக்கு அது இல்லாம அவங்களுக்கு சமையலே இல்ல. துருக்கியர் போனப்புறம் காலி ஊர்ல ஜெர்மன்காரங்க, ஸ்லோவாக், செர்பியர்னு குடி ஏறுனாங்க. செந்தெந்த்ரே டவுனே அப்படித்தான், 1690-ல அகதியா வந்த செர்பியர் கட்டுன சர்ச்சுங்க இன்னும் நிக்குது. சுத்த ஹங்கேரி கிராமம்னு ஒண்ண தேடிப் போனா அங்கயும் நாலு பாஷை பேசியிருப்பாங்க.

ஒயின் ஊர் பகுதில ஒரு யூதக் குடும்பத்து வீடும் இருக்கு, டோகாய் பக்கம் ஒயின் வியாபாரத்துல அவங்க பங்கு பெருசு. 1944-ல மே நடுவுலேர்ந்து ஜூலை ஆரம்பம் வரைக்கும், ரெண்டு மாசம் கூட இல்ல, நாட்டுப்புறத்துலேர்ந்து 4 லட்சத்துக்கு மேல யூதர்கள ரயில்ல ஏத்தி அனுப்பிட்டாங்க, பெரும்பாலும் ஆஷ்விட்ஸுங்கற நாஜி கொலை முகாமுக்கு. இது தெரிஞ்சு அந்த வீட்டுக்குள்ள போங்க, தெரியாம போனா வெறும் மேஜை நாற்காலிதான்.

புதுசா சேத்தது திரான்சில்வேனியா பகுதி. அந்த நிலம் இப்ப ருமேனியால இருக்கு. முதல் உலகப்போர் முடிஞ்சு 1920-ல திரியனோன் ஒப்பந்தத்துல ஹங்கேரி மூணுல ரெண்டு பங்கு நிலத்த இழந்துச்சு, ருமேனியால இன்னிக்கும் 10 லட்சம் போல ஹங்கேரியர் இருக்காங்க. அதனால இந்தப் பகுதி வெறும் பழைய வீடு இல்ல, கொஞ்சம் அரசியலும் தான். அங்க உக்காந்திருந்த அம்மா, நாங்க இந்தியான்னு சொன்ன உடனே 'கோரோஷி சோமா, டார்ஜிலிங்!'னு சந்தோஷமா சொன்னாங்க. அந்த சோமா ஒரு திரான்சில்வேனியாக்காரர். ஹங்கேரியரோட ஆதி ஊரத் தேடி கெளம்புன மனுஷன் லடாக் பக்கம் மடத்துல உக்காந்து திபெத்திய மொழி கத்துக்கிட்டு, 1834-ல கல்கத்தால திபெத்திய ஆங்கில அகராதி போட்டாரு, 1842-ல டார்ஜிலிங்ல காய்ச்சல்ல செத்துப் போனாரு. ஆதி ஊரு மட்டும் கெடைக்கல. அவரத் தெரியாம நாம டார்ஜிலிங்ல டீ குடிச்சுட்டு வரோம்.

குறைன்னு பாத்தா, எல்லா ஊரும் கொஞ்சம் அதிகமாவே அழகா இருக்கு. சாணி நாத்தம் இல்லாத கிராமம் எங்கங்க இருக்கு? கூலிக்காரன் குடிசை இருக்குதான், ஆனா ஆயிரக்கணக்கான ஏக்கர் வச்சிருந்த பிரபுக்களோட பண்ணையில வரிசை வீட்டுல அடைஞ்சு கெடந்தவங்க கஷ்டம் அந்த பூந்தொட்டிகள்ல மறைஞ்சிடுது. 

போற வழி: பாட்யானி டேர் ஸ்டேஷன்ல ஹேவ்ங்கற புறநகர் ரயில் புடிச்சா செந்தெந்த்ரே கடைசி ஸ்டாப், அங்கேர்ந்து பஸ். சிட்டி டிக்கெட் புடாபெஸ்ட் எல்லை வரைக்கும்தான் செல்லும், மிச்சத்துக்கு தனியா எடுக்கணும், செக்கிங் உண்டு. திங்கக்கிழமை லீவு, குளிர் காலத்துலயும் போறதுக்கு முன்னாடி வெப்சைட் பாத்துடுங்க. ஈஸ்டர், நவம்பர் 11 மார்ட்டின் நாள் மாதிரி திருவிழா சமயம் போனா ஆட்டம் பாட்டமா இருக்கும், மார்ட்டின் நாளுக்கு கூஸ் (பெரிய வாத்து) கறியும் புது ஒயினும்தான் வழக்கம். சைவம்னா லாங்கோஷ்தான் கதி, எண்ணெயில பொரிச்ச பெரிய ரொட்டி மேல சீஸும் புளிச்ச க்ரீமும், ஒண்ணு தின்னா ராத்திரி வரைக்கும் பசிக்காது. நல்ல ஷூ போட்டுக்கோங்க, அரை நாள் பத்தாது. புடாபெஸ்ட்டுக்கே மொத்தம் ரெண்டு நாள்தான்னா இத விட்ருங்க, மூணாவது நாள் கையில இருந்தா ரெண்டாவது குளியலுக்குப் போகாம இங்க வாங்க. என் மார்க் 10-க்கு 8.