தனுஷ்கோடிக்கு 8×25 பைனாகுலர் போதும்

அரிச்சல்முனைப் பக்கம் பூநாரை பார்க்க பைனாகுலர் தேடுபவர்கள், கடைக்காரர் 20×, 30× (அத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்) என்று சொல்வதை நம்பி வாங்கிவிடாதீர்கள், அங்கே அடிக்கிற காற்றில் 10×-ஐயே ஆடாமல் பிடிப்பது கஷ்டம். நான் வைத்திருப்பது சட்டைப்பையில் அடங்கும் 8×25, அதாவது 8 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 25 மி.மீ. விலைக்குப் பகலில் அருமை. பூநாரையின் அலகு நுனிக் கறுப்பு, அது தலையைக் கவிழ்த்துத் தண்ணீரை அரிப்பது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. பொழுது சாய்ந்தால் மங்கல்தான்: 25-ஐ 8-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 3 மி.மீ. சொச்சம், 8×42-இல் அது 5-க்கு மேல், ஆனால் அந்தக் கனம் கழுத்தை இழுக்கும். கண்ணாடி போடுபவர்கள் ஐ ரிலீஃப் (முழுக் காட்சியும் தெரிய, கண்பக்க லென்ஸிலிருந்து கண் இருக்கக்கூடிய தூரம்) 15 மி.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். அப்புறம், உப்புக்காற்று படிந்த லென்ஸைத் துண்டால் தேய்க்கவே தேய்க்காதீர்கள், கோட்டிங் கீறிவிடும்; முதலில் மணலைப் பிரஷால் தட்டிவிட்டு, ஈரமான மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.