வேலை மாறக் காரணம்: பணம் என்பதா, வளர்ச்சி என்பதா?

நேர்முகத் தேர்வில் “ஏன் வேலை மாறுகிறீர்கள்?” என்ற கேள்விக்குத் தடுமாறுபவர்கள் நிறையப் பேர்.

முதல் அபிப்பிராயம்: வளர்ச்சி என்றால் தலையாட்டுவார்கள். எடுத்த எடுப்பிலேயே பணம் என்றால் சிலர் முகம் சுளிப்பார்கள்.

சம்பளப் பேச்சு: பணம் என்றவர் தொகையை நேராகக் கேட்கலாம். வளர்ச்சி என்றவரிடம், “இங்கே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறதே” என்று சொல்லியே குறைப்பார்கள். அவர் மறுத்துப் பேசவும் வழியில்லை, அவர் சொன்ன காரணம்தானே!

நீடிப்பு: ஒப்புக்குச் சொன்ன காரணம் சம்பள உயர்வு கேட்கும் அன்றே வெளுத்துவிடும். ஆனால் பணம் மட்டும் போதாது. சம்பளம் குறைந்தால் அதிருப்தி வரும், கூடினால் மட்டும் ஊக்கம் வந்துவிடாது என்று 1959இல் உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் வாதிட்டார்.

கடன், குடும்பப் பொறுப்பு இருக்கிறதா? பணம் என்றே சொல்லுங்கள், அதில் வெட்கமே வேண்டாம். கூடவே என்ன வேலை செய்து தருவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். புதுத் துறைக்குள் நுழைபவருக்கு வளர்ச்சி சரி, அது உண்மையாக இருந்தால்.