சிசிலியா பூலியாவா? ஒரு வாரம் லீவு, கையில கார் கிடையாது

தெற்கு இத்தாலி போலாம்னு முடிவு பண்ணதும் வீட்டுல வர்ற மொத சண்டை இதுதான். மேப்ல இத்தாலி ஒரு பூட்ஸ் மாதிரி இருக்கும், அதோட குதிகால் பக்கம் பூலியா, பூட்ஸ் நுனி எத்தப் போற பந்து மாதிரி கிடக்குறது சிசிலி. நான் ரெண்டும் போய்ட்டு வந்துட்டேன்.

கண்ணுக்கு விருந்துன்னா சிசிலிதான், அதுல பேச்சே இல்ல. கட்டானியாவுல நடந்துட்டே இருக்கோம், தெரு முடியற இடத்துல எட்னா எரிமலை நிக்குது, 3,300 மீட்டருக்கு மேல, உச்சில புகை. பழைய கட்டடம் பூரா அது கக்குன கருங்கல்லு, மலை குமுறுனா பால்கனில கருப்பு மணலா கொட்டுது, கூட்டி அள்ளணும். அக்ரிஜென்டோல கி.மு. 5ஆம் நூற்றாண்டு கிரேக்கக் கோயில் இன்னும் தூணோட நிக்குது, பலெர்மோ பக்கத்துல மொன்ரியாலே கதீட்ரல்ல சுவர் முழுக்க தங்க மொசைக்.

ஆனா தீவு பெருசுங்க. பலெர்மோல இருந்து கட்டானியா ட்ரெய்ன்ல சுமாரா மூணு மணி நேரம். ரோம்ல இருந்து ட்ரெய்ன்ல வந்தா ஒரு நாளே போயிரும், மெசினா ஜலசந்தியத் தாண்ட பெட்டிகளை பிரிச்சு கப்பல்ல ஏத்துவாங்க, அத பாக்க மட்டும் ஒரு தடவ வரலாம். அஞ்சு நாள்ல சிசிலி முடிக்கிறேன்னு கிளம்புறவங்க பாதி நாள் ஸ்டேஷன்லதான் இருப்பாங்க.

பூலியால அந்த அலைச்சல் இல்ல. ரோம்ல இருந்து பாரிக்கு நாலு மணி நேரம், அங்கயே ரூம் போட்டுட்டு பொலிஞானோ, லெச்சே எல்லாம் காலைல போய் ராத்திரி திரும்பிடலாம். அல்பெரொபெல்லோல சாந்தே இல்லாம கல்லை அடுக்கி கூம்பு கூரை போட்ட ட்ரூல்லி வீடுங்க, வரி கேட்டு ஆள் வந்தா சட்டுனு பிரிச்சுப் போடத்தான் அப்படி கட்டுனாங்கன்னு கதை சொல்றாங்க. பத்து மணிக்கு மேல டூர் பஸ் கூட்டம் தாங்காது. மத்தபடி தட்டையான ஊரு, ஆலிவ் தோப்பு, லெச்சே தாண்டி தெற்க போனா சைலெல்லா நோய்ல காஞ்சு போன மரம் வரிசை வரிசையா நிக்கும், மனசு கஷ்டமா இருக்கும்.

சாப்பாட்டுலதான் எனக்கு தராசு ஆடுது. பலெர்மோல பனெல்லே, சுத்தமான கடலை மாவு வறுவல், பன்னுக்குள்ள வச்சு எலுமிச்சை பிழிஞ்சு தர்றான், நம்ம நாக்குக்கு ஒரு அறிமுகமும் தேவையில்ல. காலைலயே க்ரனீட்டாவும் ப்ரியோஷ் பன்னும், ஐஸ்ல பன்ன முக்கி சாப்பிடறத டிஃபன்னு சொல்ற ஊரு. பாரி பழைய ஊர்ல வாசல்ல மேசை போட்டு உக்காந்திருக்குற அம்மாங்க மாவு துண்டை கத்தியால இழுத்து கட்டை விரல்ல கவுத்துவாங்க, அவ்ளோதான், ஒரு குட்டிக் காது, அதான் ஒரெக்கியெத்தே. ரவையும் தண்ணியும்தான், முட்டை கிடையாது. சைவக்காரங்க ஆனா கேட்டுக்கோங்க, நான் கீரை போட்ட ஒரெக்கியெத்தேன்னு நம்பி வாங்குனேன், உள்ள நெத்திலி கரைஞ்சு கிடந்துச்சு. ஃபாவா பயறை மசிச்சு கசப்புக் கீரை வச்சு ஆலிவ் எண்ணெய் ஊத்தித் தர்ற ஃபாவே எ சிக்கோரியா கேளுங்க, கீரைக் கடைசலுக்கு தூரத்து சொந்தம்.

பத்து நாள் இருந்தா சிசிலி. ஒரு வாரம்தான்னா கண்ண மூடிட்டு பாரிக்கு டிக்கெட் போடுங்க. ஆகஸ்ட் மட்டும் வேணாம், இத்தாலிக்காரன் மொத்த பேரும் அப்பதான் கடற்கரைல இருப்பான்.