பாம்பன் கரையில் நான்கரை ஆண்டுகள்: ஒரு கையடக்கக் கேமராவின் பயன்பாட்டு அனுபவம்

2021 ஜனவரியில் வாங்கிய கையடக்கக் கேமரா ஒன்றை இன்றுவரை பயன்படுத்தி வருகிறேன். ஒரு அங்குல சென்சார், 20 மெகாபிக்சல், சட்டைப் பையில் அடங்கும் அளவு என்று அதன் தன்மையைச் சொன்னால் போதும். இவ்வகைக் கேமராக்கள் பலவற்றுக்கும் பொருந்தும் அனுபவம் என்பதால் நிறுவனத்தின் பெயர் தேவைப்படாது. பாம்பன் முதல் தனுஷ்கோடி வரையிலான கரையில் கரைவலை இழுப்பையும், நாட்டுப்படகுத் தொழிலையும், பாசி எடுக்கப் போகும் பெண்களையும், வாடைக் காலத்தில் வந்திறங்கும் பறவைகளையும் பதிவு செய்வதே என் வேலை. வள்ளத்தில் ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் படம் எடுக்க வேண்டியிருப்பதால் பெரிய கேமரா எனக்கு ஒத்துவரவில்லை.

வாங்கும்போது வேகம், பேட்டரி, சேமிப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியாக ஒப்பிட்டுத்தான் முடிவெடுத்தேன். இதுவரை சுமார் 31,000 படங்கள் எடுத்தபின், அவை மூன்றும் ஒரே கயிற்றின் புரிகள் என்று தெரிகிறது. ஒன்று தளர்ந்தால் மற்ற இரண்டும் சேர்ந்தே தளர்கின்றன.

வேகத்தில் முதலில் கவனிக்க வேண்டியது, பொத்தானை அழுத்தியதிலிருந்து முதல் படம் எடுக்கும்வரை ஆகும் நேரம். லென்ஸ் வெளியே வந்து தயாராக இரண்டு நொடிக்குச் சற்றுக் கூடுதலாகிறது. கோதண்டராமர் கோயிலை ஒட்டிய ஆழமற்ற நீர்ப்பரப்பில் பூநாரைகளைப் படமெடுக்க இந்த இரண்டு நொடி தடையாக இருந்ததில்லை, ஏனெனில் அப்பறவை நின்ற இடத்திலிருந்து உடனே எழும்பாது, தண்ணீரின் மேல் சில எட்டுகள் ஓடித்தான் மேலெழும்பும், அந்த ஓட்டத்துக்குள் கேமரா விழித்துக்கொள்ளும். ஆலா என்னும் கடற்பறவைகளின் விஷயம் வேறு. அவை தலைகீழாகப் பாயும் கணத்தைப் பிடிக்க வேண்டுமானால் கேமராவை முன்கூட்டியே இயக்கி, பொத்தானைப் பாதி அழுத்தி, ஃபோகஸைப் பூட்டி வைத்துக் காத்திருக்க வேண்டும். அப்படிச் செய்தால் பேட்டரி கரைகிறது. முதல் முடிச்சு இங்கேதான் விழுகிறது.

தொடர் படப்பிடிப்பில் என் கேமரா நொடிக்குப் பத்துப் படங்கள் எடுக்கும். விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவதும் இந்த எண்தான். ஆனால் எடுத்த படங்கள் உடனே மெமரி கார்டுக்குப் போவதில்லை. அவை முதலில் கேமராவுக்குள் இருக்கும் பஃபர் என்னும் தற்காலிக நினைவகத்தில் தங்கி, அங்கிருந்து கார்டு எழுதும் வேகத்துக்கு ஏற்ப மெல்ல இறங்குகின்றன. நான் வழக்கமான ஜேபெக், சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா என்ற இரு வடிவங்களிலும் சேர்த்து எடுப்பதால் ஒவ்வொரு படத்துக்கும் சுமார் 28 எம்பி ஆகிறது. இரண்டு நொடி அழுத்தினால் இருபது படங்கள், அதாவது 560 எம்பி. முதல் ஆண்டில் நான் வைத்திருந்தது, நொடிக்குக் குறைந்தது 10 எம்பி எழுதும் என்று உறுதி தரும் கிளாஸ் 10 கார்டு. அது ஏறத்தாழ அந்த வேகத்தில்தான் எழுதியது. இரண்டு நொடியில் எடுத்ததை எழுதி முடிக்க ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆயிற்று.

அந்த ஒரு நிமிடத்தின் விலையைக் கரைவலையில்தான் உணர்ந்தேன். வலையை மணிக்கணக்கில் இழுக்கிறார்கள். ஆனால் மீன் சேரும் வலைப்பையான மடி கரையேறி, மீன் மணலில் கொட்டி, சாளையும் காரலும் தனித்தனிக் கூடைக்குப் போவது சில நிமிடங்களில் முடிந்துவிடும். 2021 நவம்பரில் ஒரு நாள், மடி அலையில் புரண்டு வரும்போதே ஆர்வத்தில் பொத்தானை அழுத்திப் பஃபரை நிரப்பிவிட்டேன். கார்டில் எழுதுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. கூடையோடு அருகில் நின்ற ஓர் அக்கா, "மடியே ஏறிருச்சு தம்பி, இன்னும் அந்த லைட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறீகளே" என்றார். நான் எடுக்க நினைத்த படம் அவருடைய கண் முன்னால் நடந்து முடிந்திருந்தது.

அதற்கடுத்த வாரமே வி30 குறியுள்ள கார்டுக்கு மாறினேன். இக்குறி நொடிக்குக் குறைந்தது 30 எம்பி தொடர்ந்து எழுதுவதற்கான உறுதி. கார்டின் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் எண் பெரும்பாலும் படிக்கும் வேகத்தையே சொல்கிறது. கணினிக்குப் படங்களை மாற்றும்போது அது உதவும், படமெடுக்கும்போது உதவாது. வாங்குபவர்கள் பார்க்க வேண்டியது வி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய எண்ணைத்தான். கார்டை மாற்றியதும் அதே இருபது படங்கள் 18 நொடியில் எழுதி முடிந்தன. எதிர்பாராத இன்னொரு பலனும் கிடைத்தது. எழுதி முடியும்வரை கேமரா உறங்குவதில்லை என்பதால் மெதுவான கார்டு பேட்டரியையும் தின்றுகொண்டிருந்திருக்கிறது. மாற்றியபின் ஒரு சார்ஜில் ஏறக்குறைய முப்பது படங்கள் கூடுதலாக எடுக்க முடிந்தது.

பேட்டரியின் கொள்ளளவு 1240 எம்ஏஎச், மின்னழுத்தம் 3.6 வோல்ட், அதாவது நாலரை வாட்-மணிக்கும் சற்றுக் குறைவு. இன்றைய கைப்பேசி பேட்டரிகளில் இது மூன்றில் ஒரு பங்குகூட இராது. பெட்டியில் சொல்லப்படும் படங்களின் எண்ணிக்கை, ஜப்பானின் கேமரா தயாரிப்பாளர் சங்கமான சிப்பா வகுத்த சோதனை முறையில் வருவது. 23 டிகிரி வெப்பநிலையில், 30 நொடிக்கு ஒரு படம், அவற்றில் பாதிக்கு ஃப்ளாஷ், பத்துப் படத்துக்கு ஒருமுறை அணைத்து இயக்குதல் என்பது அதன் ஒழுங்கு. நம் கரையில் யாரும் அப்படி எடுப்பதில்லை. நான் ஃப்ளாஷையே பயன்படுத்துவதில்லை, அந்த வகையில் எண்ணிக்கை கூட வேண்டும். ஆனால் தனுஷ்கோடி வெண்மணலின் கூச்சத்தில் திரையின் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்தால்தான் படம் கண்ணுக்குத் தெரிகிறது. ஜனவரிக் காலைகளில் பறவைகளை எடுக்கும்போது ஒரு சார்ஜில் 280 படங்கள் வரை வந்திருக்கின்றன. கரைவலைக்குக் காத்திருந்து எடுத்த நாட்களில் 190ஐத் தாண்டியதில்லை. ஆகையால் படங்களை எண்ணுவதை விட்டுவிட்டுத் திரை எரியும் நேரத்தை எண்ணத் தொடங்கினேன். புதிய பேட்டரிக்கு அது ஒன்றே முக்கால் மணி நேரம். இந்தக் கணக்கு ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

பேட்டரியின் ஆயுளைக் கெடுத்தது என் பழக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எனக்கும் வேலை குறைவு. முதல் ஆண்டில் இரண்டு பேட்டரிகளையும் முழுதாகச் சார்ஜ் ஏற்றி இரும்பு அலமாரியில் வைத்துவிட்டேன். அதே கோடையில் கேமராப் பையைப் பைக்கின் பக்கப் பெட்டியில் வெயிலில் விட்டதும் பலமுறை நடந்தது. முழுச் சார்ஜும் வெப்பமும் சேர்ந்தால் லித்தியம்-அயன் பேட்டரி விரைவில் முதுமையடையும். அவ்விரண்டில் ஒன்று இப்போது 110 படங்களோடு நின்றுவிடுகிறது. 2022இல் இருந்து பாதிச் சார்ஜில், வீட்டின் குளிர்ந்த மூலையில் வைக்கிறேன். அதன்பின் வாங்கிய பேட்டரி நன்றாகவே உழைக்கிறது. இடையில் மலிவாகக் கிடைத்த போலி ஒன்று எட்டு மாதத்தில் உப்பி, கேமராவுக்குள் சிக்கிக்கொண்டது. அதை வெளியே எடுக்கப் பட்ட பாட்டை நினைத்தால், விலை கூடினாலும் அசலையே வாங்குங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

உப்புக்காற்று பற்றியும் சொல்ல வேண்டும். கேமராவிலேயே கேபிளைச் சொருகிச் சார்ஜ் செய்ததால் அந்தத் துளையில் பச்சை பிடித்தது. தனிச் சார்ஜர் வாங்கியபின் துளையின் மூடியைத் திறப்பதே இல்லை. கார்டு, பேட்டரி ஆகியவற்றின் உலோக முனைகளை வாரம் ஒருமுறை உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்கிறேன். கச்சான் காற்றில் மணல் பறக்கும் நேரத்தில் கரையில் நின்று கார்டை மாற்றுவதில்லை. ஒரே கார்டு நாள் முழுதும் போதுமானதாக இருக்க வேண்டும் என்பதால் 64 ஜிபி வைத்திருக்கிறேன். கணினியில் அது 59.6 என்று காட்டுவது கணக்கிடும் முறையின் வேறுபாட்டால்தான், குறையால் அல்ல.

படங்களுக்கு அந்த அளவு தாராளம், ஒளிப்பதிவுக்குத்தான் இறுக்கம். 4கே தரத்தில் நொடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு நிமிடத்துக்கு 750 எம்பி. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி உயர்வதை அவ்வாண்டு மே மாதத்தில் எடுக்கப் போனேன். என் கேமரா 4கேயில் ஐந்து நிமிடத்துக்குமேல் தொடர்ந்து எடுக்காது, வெயிலிலோ வெப்பம் ஏறி அதற்கும் முன்பே நின்றுவிடுகிறது. துண்டின் நிழலில் வைத்து, ஃபுல் எச்டிக்கு மாறி எடுத்தபோதுதான் முழு அசைவும் கிடைத்தது.

சேமிப்பில் நான் பட்ட பெரிய இழப்புக்குக் கார்டு காரணமல்ல. கேமரா கோப்புகளுக்கு 9999 வரை எண்ணிட்டு மறுபடி 0001இல் தொடங்கும். எல்லாப் படங்களையும் ஒரே கோப்புறையில் போட்டு வந்த நான், முதல் சுற்று முடிந்தபோது, அதே பெயருள்ள பழைய கோப்புகளின் இடத்தில் புதியவற்றை வைக்கலாமா என்று கணினி கேட்ட கேள்விக்கு யோசிக்காமல் சம்மதம் கொடுத்து, முதல் மாதத்துப் படங்களில் 140ஐ அழித்துவிட்டேன். மரிக்கொழுந்துப் பாசி எடுக்க வத்தையில் போன பெண்களின் படங்கள் அவை. அவர்களில் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை, அவருடைய மகள் கேட்டபோது என்னால் ஒரு படம்கூடத் தர முடியவில்லை. அன்றிலிருந்து நாளுக்கு ஒரு கோப்புறை, அதற்குத் தேதியே பெயர். கார்டில் உள்ள படங்களை அழிக்குமுன் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் பிரதி இருக்கிறதா என்று எண்ணிச் சரிபார்க்கிறேன். ஒன்று வீட்டில், மற்றொன்று பரமக்குடியில் தங்கை வீட்டில். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். இரண்டு பிரதியையும் கடலோரத்திலேயே வைக்க எனக்கு மனம் வராது.

இப்போது லென்ஸ் நீளும்போது மணல் உரசும் ஒலி மெல்லக் கேட்கிறது, தொடங்கும் நேரமும் மூன்று நொடியைத் தொடுகிறது. படத்தின் தரத்தில் குறையொன்றும் காணவில்லை. இதற்கான அசல் பேட்டரி இன்னும் கடையில் கிடைப்பதால், அடுத்த வாடைக்கு முன் ஒன்று வாங்கி வைக்கப் போகிறேன்.