எடுத்துக்காட்டு வாக்கியத்துக்காகவே வச்சிருக்க வேண்டிய டிக்‌ஷனரி ஆப்

இங்கிலீஷ் கத்துக்கறவங்களுக்குன்னே பண்ண டிக்‌ஷனரி ஆப் இது, ரொம்ப புடிச்சிருக்கு. ‘ஹெவி’னு தேடினா கனமானதுன்னு மட்டும் சொல்லிட்டு விட்டுடாம எதுகூட சேரும்னும் காட்டுது, ஹெவி ரெயின், ஹெவி டிராஃபிக் எல்லாம் ஓகே, ஆனா காத்துக்கு ஸ்ட்ராங் விண்ட்தான் இயல்பா வரும். ஹெவி ஸ்மோக்கர்னா குண்டான ஆளு இல்லீங்க, நிறைய சிகரெட் புடிக்கிறவர்! அதுலயும் ‘தி பேக் இஸ் ஹெவி’, ‘இட் இஸ் ரெயினிங் ஹெவிலி’ ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டிருக்காங்க பாருங்க, பெயர்ச்சொல்லுக்கு ஹெவி, வினைச்சொல்லுக்கு ஹெவிலினு பாத்தவுடனே புரிஞ்சிடும், இலக்கண பாடமே தேவையில்ல. குறைன்னா, நாமளா எழுதுற வாக்கியத்த திருத்தி தர வசதி இல்ல, அது கட்டாயம் வேணும். க்விஸ் சுமார்தான்.