வேலையோடு கவுன்சலிங் காப்பீடும் போனபோது: 14416 எனக்கு எவ்வளவு உதவியது

காப்பீடு நின்றுபோய், கவுன்சலிங்குக்கு இனி எப்படிப் பணம் கட்டுவது என்று தெரியாமல் இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண் உதவுமா? உதவும். ஆனால் வாராவாரம் ஒரே ஆளிடம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரத்துக்கு அது ஈடாகாது. இதைத் தெரிந்துகொண்டு கூப்பிட்டால் ஏமாற்றம் இருக்காது.

ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் இருந்தேன். ஆட்குறைப்பில் என் பெயரும் வந்தது. எல்லாரும் பி.எஃப், நோட்டீஸ் சம்பளம், அப்பா அம்மாவின் மெடிக்ளெய்ம் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். கம்பெனி தந்துகொண்டிருந்த கவுன்சலிங் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, கேட்டால் இவனுக்கு அது தேவைப்படுகிறது என்று தெரிந்துவிடுமே. தனியாக மெயில் போட்டுக் கேட்டேன், கடைசி வேலைநாளோடு எல்லாம் முடிகிறது என்று ஒரு வரியில் பதில் வந்தது. பதற்ற நோய்க்காக ஒரு வருஷத்துக்கும் மேலாக ஒரே கவுன்சலரிடம் போய்க்கொண்டிருந்தவன் நான். அவருடைய கட்டணம் ஒரு தடவைக்கு 1,500 ரூபாய். சம்பளம் நின்ற மாதத்தில் வாராவாரம் அதைக் கட்ட எங்கே போவது? மனசுக்குத் துணை அதிகம் வேண்டியிருக்கிற நேரம் பார்த்துத்தான் அந்தத் துணையும் போகிறது.

சரி, சொந்தமாக ஒரு பாலிசி எடுத்துவிடலாம் என்று பார்த்தால் அங்கே வேறு கதை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல் நோய்க்கு எப்படியோ மனநோய்க்கும் அப்படியே காப்பீடு தரவேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018லும், மறுபடி 2022லும் கம்பெனிகளுக்கு இதை நினைவூட்டியது. ஆனாலும் சாதாரண பாலிசிகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தருகின்றன. கவுன்சலிங் என்பது வெளிநோயாளி சிகிச்சை, அதற்குத் தனியாக ஓ.பி. சேர்த்து வாங்கியிருக்க வேண்டும், அதிலும் கவுன்சலிங் வருமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒருவன் ஆஸ்பத்திரியில் சேரும் நிலைக்குப் போகாமல் இருக்கத்தானே வாராவாரம் போகிறான். அதற்குப் பைசா கிடையாது, நிலைமை முற்றிப் படுக்கையில் விழுந்தால் லட்சக்கணக்கில் தருவோம் என்பது எந்த ஊர் நியாயம்? இதை நினைக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது, இப்போது எழுதும்போதும்.

அந்த நிலைமையில்தான் 14416க்குக் கூப்பிட்டேன். இது டெலி மானஸ், மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை என்ற பெயரில் நடக்கிறது. 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது. நான் கூப்பிட்டது நள்ளிரவு தாண்டி. எடுத்த பெண் அவசரமே படவில்லை. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, மாத்திரை போடுகிறீர்களா, இன்னும் எத்தனை நாளுக்குக் கையில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பதையும் சுற்றி வளைக்காமல் கேட்டார், அப்படி நேராகக் கேட்டது எனக்குப் பெரிய ஆறுதல். பழைய கவுன்சலரிடம் பாதி ஆங்கிலத்தில் பேசியே பழக்கம், இங்கே "நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூச்சு முட்டுது" என்று வீட்டில் சொல்வது போலவே சொல்ல முடிந்தது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்த வேண்டாம், அரசு மருத்துவமனை மனநல ஓ.பி.யில் காட்டுங்கள் என்று சொல்லி, பக்கத்தில் எங்கே இருக்கிறது என்றும் சொன்னார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைத்துவிடவும் அவர்களுக்கு ஏற்பாடு இருக்கிறது.

இனி அதன் எல்லை. அது ஒரு உதவி எண், யார் பணியில் இருக்கிறாரோ அவர்தான் எடுப்பார். அடுத்த தடவை வேறு ஒருவர், உங்கள் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். கொதிக்கிற நேரத்தில் தணிக்க, வழி காட்ட, அதற்கு மிக நல்லது. சின்ன வயதிலிருந்து வருகிற பயத்தை மாதக்கணக்கில் பிரித்துப் பார்க்கிற வேலைக்கு அது அமைக்கப்படவில்லை.

அரசு ஓ.பி.க்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு முதலில் மனசே இல்லை, மனநலம் என்றதும் அவருக்கு நினைவு வந்தது கீழ்ப்பாக்கம். 1794இல் தொடங்கி இன்றும் ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு மருத்துவமனையை சினிமாவில் கேலி செய்து கேலி செய்தே நம் ஜனங்களை இப்படிப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனது வீட்டுக்குப் பக்கத்து மருத்துவமனைதான். கூட்டம், காத்திருப்பு, டாக்டரோடு பேச்சு சில நிமிடம். ஆனால் மாத்திரை இலவசம், எனக்கு அந்தச் செலவு அத்தோடு நின்றது. காலையில் சீக்கிரம் போங்கள், பழைய மருந்துச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

அப்புறம் பழைய கவுன்சலரிடமே நேராகக் கேட்டேன், இவ்வளவுதான் என்னால் முடியும் என்று. பாதிக் கட்டணத்தில் மாதம் ஒரு தடவை என்று ஒத்துக்கொண்டார். எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் கேட்கக் கூச்சப்படாதீர்கள். குறைந்த கட்டணம் என்று இன்ஸ்டாகிராமில் கூப்பிடுகிறவர்களிடம் மட்டும் எச்சரிக்கை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொண்டால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள், உண்மையானவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னும் வேலையில் இருக்கிறவர்கள், நோட்டீஸ் காலம் ஓடிக்கொண்டிருந்தால், மீதியிருக்கிற கவுன்சலிங்கை எல்லாம் கடைசி நாளுக்குள் முடித்துக்கொள்ளுங்கள், இதுவரை பார்த்த சிகிச்சை பற்றி ஒரு சுருக்கத்தை எழுதி வாங்குங்கள், ஆபீஸ் தந்த குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டுக் கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாற வழி இருக்கிறதா என்று கடைசி நாளுக்கு முன்பே கேளுங்கள். அப்படி மாறினால், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தராமல் காக்கவைக்கிற காலத்தில் பழைய வருஷங்களும் கணக்கில் வரும். புது பாலிசி என்றால் அந்தக் காத்திருப்பு மூன்று வருஷம் வரை இருக்கலாம். விண்ணப்பத்தில் கவுன்சலிங் போனதை மறைக்கவேண்டாம், பின்னால் கிளெய்மை மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

14416க்கு ஐந்தில் நான்கு தருவேன். உங்கள் போனில் அந்த எண் போகாவிட்டால் 1800 891 4416. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் அழுத்தினால் சென்னையில் 1986 முதல் இதற்காகவே இருக்கிற சிநேகாவும் உண்டு, 044 2464 0050.