கீழக்கரையில் எடுத்த மூன்று ஈசிஜி

நெஞ்சுவலி என்று போன மாமாவுக்கு ஒரே காலையில் மூன்று ஈசிஜி எடுத்தார்கள். மூன்றும் தப்பு. அவருக்கு இதயம் வலப்பக்கம், கல்லீரல் இடப்பக்கம். 10,000 பேரில் ஒருவருக்கு இப்படி உள்ளுறுப்பெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் மாறியிருக்கும். படுக்கும்போதே சொன்னார். "படுங்க பாய், மெஷின்ல எல்லாம் தெரியும்" என்றார்கள். அந்தக் காலத்துத் தெருமுனை டாக்டர் முதலில் நெஞ்சில் கை வைத்து, துடிப்பு எங்கே என்று பார்ப்பார். இப்போது கையே வைப்பதில்லை.

முதல் தாளில் லீட் 1 (இரண்டு கை வயர்களும் சேர்ந்து வரையும் கோடு) முழுக்கக் கவிழ்ந்திருந்தது. வயர் மாறிவிட்டது என்று கையிலிருந்த சிவப்பையும் மஞ்சளையும் மாற்றினார்கள். லீட் 1 நிமிர்ந்துவிட்டது. ஆனால் நெஞ்சில் ஒட்டும் ஆறு லீடுகளில், வி1-இலிருந்து வி6 வரை, ஆர் அலை (ஒவ்வொரு துடிப்பிலும் மேலெழும் கூர்முனை) வளராமல் தேய்ந்துகொண்டே போனது. அங்கே சுதாரித்திருக்க வேண்டும். வெறும் வயர் குழப்பம் என்றால் முதல் தாளிலேயே நெஞ்சு லீடுகள் சரியாக வந்திருக்கும். மூன்றாம் தடவை ஜெல்லை அதிகமாகத் தடவி அதே இடதுபுறத்திலேயே ஒட்டிவிட்டு, "பழைய அட்டாக்" என்று எழுதிக் கொடுத்தார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கை வயர்களை மாற்றிய பிறகு, வி1-ஐ நெஞ்செலும்புக்கு இடப்புறம் நான்காவது விலா இடைவெளியில், வி2-ஐ அதே மட்டத்தில் வலப்புறம், வி3 முதல் வி6 வரை வலது மார்பில் ஒட்ட வேண்டும். மாற்றி எடுத்ததைத் தாளிலேயே எழுத வேண்டும். எழுதாவிட்டால் அடுத்த டாக்டருக்கு அது சாதாரண இதயம். எக்ஸ்ரேயிலும் இதே கதை. இடதுபக்கம் என்று காட்டும் 'எல்' குறியை நம்பாமல் ஃபிலிமைத் திருப்பி மாட்டியிருந்தார்கள்.

துபாயில் மாமா வேலை பார்த்தபோது கிளினிக் கம்ப்யூட்டரில் அவர் பெயருக்குக் கீழே முதல் வரியே இதயம் வலப்பக்கம் என்பதுதான். இங்கே ரிப்போர்ட்டெல்லாம் மஞ்சப்பைக்குள் சுருண்டு கிடக்கிறது.

மதுரையில் ஆஞ்சியோ, பைபாஸ் இரண்டும் நிதானமாக நடந்தன. ஆஞ்சியோ குழாயை வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருக வேண்டும், கேமரா கோணமும் இடம் வலமாக மாறும். ஆபரேஷனில் சர்ஜன் நோயாளியின் இடப்பக்கம் நின்றார். இதய நுரையீரல் மெஷினுக்கு ரத்தம் எடுக்கும் வலது மேலறை இவருக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறது. இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் தரும் தமனிக்கு வழக்கமான இடது மார்புத் தமனிக்குப் பதில் வலது மார்புத் தமனியை இணைத்தார்.

இப்போது மஞ்சப்பையின் மேலேயே அட்டை ஒட்டியாகிவிட்டது: "இதயம் வலப்பக்கம். ஷாக் பேடு: ஒன்று இடது காறை எலும்புக்குக் கீழே, மற்றது வலது விலாவில்."